நார்மல் ஆனவருக்கு வெள்ளிக்கிழமை கிடையாது

பிரஷர் பார்ப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித்தரப் போவதில்லை. உங்கள் கையில் இருக்கும் மிஷின் பொத்தானை அமுக்கினால் தானே காற்றடித்து, தானே எண்ணைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துகொள்கிறது. எங்கள் காலத்து மிஷினோடு நாங்கள் மல்லுக்கட்டிய கதையைச் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நான் செய்த நல்லதை எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள் போல. நல்லது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? செய்த தப்புதான் இருக்கிறது, அதை எழுதுகிறேன்.

நான் அபிராமத்துப் பக்கம் மிளகாய்க் காட்டில் வளர்ந்தவள். நர்சுக்குப் படித்துவிட்டு, எங்கள் நிறுவனத்தில் சேர்ந்து, ராமேஸ்வரம் தீவில் ஒரு மீனவர் ஊருக்கு அனுப்பப்பட்டபோது, கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது உப்புக் கரிக்கும் என்பதுதான். வேலை இதுதான். அறுபதைத் தாண்டியவர்களை வாரம் ஒரு நாள் ஓரிடத்தில் கூட்ட வேண்டும். பிரஷர், சர்க்கரை பார்க்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்து, கைகாலை நீட்டி மடக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் பேசவிட்டு அனுப்ப வேண்டும். அந்தப் பேசவிடுவது என்பதை நான் வேலையின் கடைசி வரியாகத்தான் படித்தேன். நேரம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி.

முதல் கூத்து வந்த மாதமே நடந்தது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வரச் சொல்லி வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வசதி என்று என் கணக்கு. மூன்று வாரம், கூட்டத்துக்கென்று கேட்டு வாங்கியிருந்த கரையோர வலைக்கொட்டகையில் நானும் என் பையும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். நாலாவது வாரம் கோபத்தோடு கரைக்குப் போனேன். என் பட்டியலில் இருந்த அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள். வள்ளங்கள் கரை பிடிக்கிற நேரம் அது. கடலுக்குப் போக முடியாத வயசாளிகள் கரையில் வந்து நின்றால், வலையைத் தட்டும்போது கறிக்கு ஒரு கை மீன் அவர்கள் பக்கம் விழும். அது அந்த ஊர் வழக்கம். நான் அங்கேயே நின்று, உடம்பைப் பற்றி அக்கறை இல்லையா என்று ஒரு பிரசங்கம் செய்தேன். ரோசாலி என்று ஒரு அம்மா, கருவாடு விற்கிறவர், கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

“நர்சம்மா, ஒங்க மாத்திரையில கொழம்பு வைக்க முடியுமா?”

கரையே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. அடுத்த வாரத்திலிருந்து மாலை நாலு மணி என்று மாற்றினேன், கொட்டகை நிறைந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டாலும் முழங்காலோடு தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஊரைப் படித்து முடித்துவிட்டதாகவும் நினைத்துக்கொண்டேன், அதுதான் தப்பு.

இனி மிக்கேல் அய்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது பல வருஷம் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. எழுபதைத் தாண்டியவர். ஐம்பது வருஷம் கடலுக்குப் போனவர். மனைவி இறந்துவிட்டார். மகள் தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள், மகன் வளைகுடாவில் யாருடைய படகிலோ வேலை பார்த்தான். கரையில் கறிமீனுக்கு நிற்க மாட்டார், அந்த அளவுக்கு ரோஷக்காரர். ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் நாலு மணிக் கூட்டத்துக்கு மூன்று மணிக்கே வந்துவிடுவார். கொட்டகையைக் கூட்டி, பாயை விரித்து, பானையில் தண்ணீர் நிரப்பி வைப்பார். நான் சொல்லிச் செய்ததில்லை. பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

“மிக்கேலண்ணன் வாயத் தொறந்தா மீனு கலஞ்சு போயிரும்னு கடல்ல இருந்த மாதிரியே இருக்காரு,” என்று ரோசாலி சீண்டுவார். அவர் சிரிப்பதோடு சரி.

அப்போது எங்களிடம் இரண்டு விதமான கார்டு இருந்தது. பிரஷரோ சர்க்கரையோ கட்டுக்குள் வராதவர்களுக்குச் சிவப்பு கார்டு. அவர்கள் வாராவாரம் வர வேண்டும். போன வாரத்து மாத்திரை அட்டை காலியாக இருக்கிறதா என்று எல்லோர் முன்னிலையிலும் காட்டிவிட்டுத்தான் அடுத்த வாரத்துக்கு வாங்க வேண்டும். ஏமாற்றினால் பக்கத்தில் இருப்பவரே காட்டிக்கொடுத்துவிடுவார். மூன்று மாதம் தொடர்ந்து நார்மலாக இருந்தால் பச்சை கார்டு. வாராவாரம் வர வேண்டியதில்லை, இரண்டு மாதத்து மாத்திரை வீடு தேடி வரும். எத்தனை பேரைப் பச்சைக்கு மாற்றினோம் என்பதுதான் எங்கள் பெருமை. மாதக் கூட்டத்தில் மேலதிகாரி அதைத்தான் முதலில் கேட்பார்.

மிக்கேல் அய்யாவுக்கு மூன்று மாதம் நார்மல். ஒரு வெள்ளிக்கிழமை அவரை எல்லோருக்கும் முன்னால் எழுந்து நிற்க வைத்தேன்.

“எல்லாரும் அய்யாவப் பாத்துக் கத்துக்கங்க. அய்யா, இனிமே நீங்க வாராவாரம் இங்கன வந்து அலைய வேணாம். மாத்திரை வீட்டுக்கே வந்துரும்.”

“அப்ப அடுத்த வெள்ளிக்கெழம?”

“வர வேணாங்கய்யா. நிம்மதியா வீட்ல இருங்க.”

“சரி நர்சம்மா,” என்றார். கை தட்டச் சொன்னேன், தட்டினார்கள். கார்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அடுத்தவர் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கொட்டகைக்குப் போனால் பாய் விரிக்கவில்லை, பானை காலி. யாருமே இதைப் பார்க்க மாட்டீர்களா என்று ரோசாலியைத் திட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு போனார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து மாத்திரையோடு அவர் வீட்டுக்குப் போனேன். பிரஷர் நூற்றுத்தொண்ணூறுக்கு நூற்றுப்பத்து. என் மிஷின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்து மூன்று முறை பார்த்தேன். காலி அட்டைகளைக் கேட்டேன். ஒன்று குறையாமல் எடுத்துக் காட்டினார். அப்படியென்றால் கருவாடுதான் காரணம் என்று முடிவு கட்டி, உப்பைப் பற்றி அரைமணி நேரம் அவரைக் காய்ச்சினேன். கார்டில் ‘மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்’ என்று எழுதி டாக்டரிடம் காட்டினேன். ஒழுங்காகச் சாப்பிட்டும் இவ்வளவு ஏறியிருந்தால் மருந்து போதவில்லை என்று அவர் அளவை இரட்டிப்பாக்கி, கூடவே இன்னொரு மாத்திரையும் சேர்த்தார். அவர் எழுதியது சரிதான், என் எழுத்தை நம்பி எழுதினார்.

“மறுபடி செவப்பு கார்டுங்கய்யா. கஷ்டம்தான், ஆனா வாராவாரம் வந்தாகணும்,” என்று ஆறுதல் சொல்வது போலச் சொன்னேன்.

“வரணும்னா வாறேன்,” என்றார் மிக்கேல் அய்யா. அந்த வெள்ளிக்கிழமை சவரம் செய்துகொண்டு, பூசைக்குப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பாய் விரித்திருந்தது, பானை நிரம்பியிருந்தது. வியாதி முற்றியதற்கு ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷப்படுவாரா என்று யோசிக்கிற புத்தி எனக்கு அன்று இல்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவர் தண்ணீர் எடுக்க எழுந்தார், அப்படியே பாயில் சரிந்தார். உடம்பெல்லாம் வேர்த்து, நாடி நூல் மாதிரி ஓடியது. பிரஷர் எண்பதுக்கு ஐம்பது. கொட்டகையில் இருபது பேர், இருபது யோசனை. தூக்கி உட்கார வைத்துக் காப்பி கொடு என்றார் ஒருவர். வாதம் அடித்துவிட்டது, ஆட்டோவில் போட்டுப் பாலம் தாண்டி ராமநாதபுரம் கொண்டுபோய்விடலாம் என்றார் இன்னொருவர். யாரையும் அவரைத் தூக்கவிடவில்லை. படுக்க வைத்தபடியே காலை மட்டும் ஒரு வலை மூட்டை மேல் தூக்கி வைத்தேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு டாக்டரைப் போனில் பிடித்தேன்.

டாக்டர் கேட்டார், “பழைய மாத்திரைய ரெண்டு மாசமும் சாப்பிட்டும்தான் நூத்தித்தொண்ணூறு இருந்தது? நிச்சயமா?”

“நிச்சயம் சார். நானே அட்டையப் பாத்தேன்.”

“அப்படின்னா இந்த டோஸுக்கு இவ்வளவு இறங்கக் கூடாதே. ஹார்ட்டா இருக்கலாம், உள்ள ரத்தக் கசிவா இருக்கலாம். அங்க வச்சிருக்காதீங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரா…”

அப்போது ரோசாலி என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

“முழுங்கல நர்சம்மா.”

“என்னது?”

“அந்த ரெண்டு மாசமும் அண்ணன் ஒரு மாத்திரயக்கூட முழுங்கல. ஒவ்வொண்ணாப் பிதுக்கி எடுத்து மண்ணுல பொதச்சாரு. பக்கத்து வீட்டுலருந்து நான் பாத்தேன். சொல்லாதேன்னாரு, சொல்லல. இப்பத்தான் மூணு வாரமா எல்லாத்தயும் ஒழுங்கா முழுங்குறாரு.”

டாக்டரிடம் சொன்னேன். அவருக்கு உடனே விளங்கியது. ஒற்றை மாத்திரையே போதுமாயிருந்த உடம்புக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு போயிருக்கிறது. பக்கத்து ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோங்கள், சலைன் ஏற்றச் சொல்லி நான் பேசுகிறேன் என்றார். பாலம் தாண்டிப் போகிற வழியில் ஏதும் ஆகியிருந்தால், அந்தக் கார்டில் என் கையெழுத்துதான் அவரைக் கொன்றிருக்கும்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். பயத்தில் இருந்தேன், என் வேலை மேல் பழி வந்துவிட்ட ஆத்திரத்திலும் இருந்தேன். போனை வைத்ததும் ரோசாலியைப் பார்த்துக் கத்தினேன்.

“ஏன்? எதுக்கு முழுங்காம இருந்தாரு? சொல்லுங்க!”

அவர் தயங்கினார். மறுபடி கத்தினேன். இருபது பேருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார்.

“பிரசர் ஏறுனாத்தான நீங்க திரும்பச் சேப்பீக. வீட்ல ஒத்தையில இருக்க முடியலன்னு அண்ணன்தான் சொன்னாரு.”

கொட்டகையில் ஒருவர் உச்சுக் கொட்டினார். பாயில் கிடந்த மிக்கேல் அய்யா கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் முகத்தை மெல்ல ஓலைத் தட்டி பக்கம் திருப்பிக்கொண்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

தங்கச்சிகளே, தம்பிகளே, இதை மட்டும் கொஞ்சம் நின்று படியுங்கள். முழுங்கினாரா என்ற கேள்வி டாக்டருக்குத் தேவைப்பட்டது. ஏன் முழுங்கவில்லை என்ற கேள்வி அந்த நிமிஷத்தில் யாருக்கும் தேவைப்படவில்லை, எனக்கு மட்டும்தான் தேவைப்பட்டது. அதை மறுநாள் ரோசாலியிடம் தனியாகக் கேட்டிருக்கலாம். கேட்காமலே கூட இருந்திருக்கலாம். அவசரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு நிறையப் பயிற்சி கொடுப்பார்கள். எந்தக் கேள்வியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தபோது ரோசாலியிடம் கேட்டேன். பச்சை கார்டு என்றாலும் சும்மா வந்து உட்கார வேண்டியதுதானே, யார் தடுக்கப் போகிறார்கள் என்று. அவர் என்னை ஒரு பச்சைப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“நீங்க அவர எறக்கிவிட்டீகளே நர்சம்மா. வள்ளத்துல வயசாளிய எறக்கிவிடும்போது சம்மாட்டி அப்படித்தான் சொல்லுவாரு. ‘இனிமே அலைய வேணாம், நிம்மதியா வீட்ல இருங்க.’ ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டாக. மறுநாள் அந்த வள்ளத்துப் பக்கமே போக மாட்டாக. அண்ணன அப்படித்தான் அஞ்சு வருசத்துக்கு முந்தி எறக்குனாக. நீங்க அதே பேச்ச, கை தட்டச் சொல்லி வேற பேசுனீக.”

சம்மாட்டி என்றால் வள்ளத்துச் சொந்தக்காரர். அத்தனை வருஷம் அந்தக் கரையில் நடந்தும் இதை நான் தெரிந்து வைத்திருக்கவில்லை. நல்லது செய்யப் போய், பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டது. எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது, ரோசாலியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு நாளில் மிக்கேல் அய்யா வீடு திரும்பினார், பழைய ஒற்றை மாத்திரையோடு. நான் பச்சை கார்டு முறையையே தூக்கிவிட வேண்டும் என்று அலுவலகத்தில் சண்டை போட்டேன். பிரஷர் எப்படி இருந்தாலும், மாத்திரையே சாப்பிடாவிட்டாலும், வெள்ளிக்கிழமை வரலாம் என்று ஆயிற்று. பச்சை வாங்கிக் காணாமல் போயிருந்த ஏழெட்டுப் பேர் திரும்பி வந்தார்கள். அவர்களும் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். கொட்டகை முன்னைவிடக் கலகலப்பானது. அதற்காக மாதக் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்கள்.

மிக்கேல் அய்யா மட்டும் வரவில்லை.

வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல நர்சம்மா,” என்றார். வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றேன். “பாப்போம்,” என்றார். ரோசாலி போய்க் கூப்பிட்டார், குழுவில் நாலு ஆண்கள் சேர்ந்து போய்க் கூப்பிட்டார்கள். அவர்கள் தன்னைப் பார்த்து இரக்கப்படுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். கறிமீனுக்கு நிற்காத மனிதர் இதற்கு மட்டும் எப்படி வந்து நிற்பார்?

அதன் பிறகு அவர் பிரஷர் ஒருநாளும் ஏறவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாத்திரையோடு நானே போவேன். காலி அட்டைகளை வரிசையாக எடுத்து வைத்திருப்பார். இந்த முறை உண்மையிலேயே சாப்பிட்ட அட்டைகள். கையை நீட்டுவார், பார்ப்பேன், நார்மல் என்று எழுதுவேன். பத்து நிமிஷத்துக்கு மேல் அங்கே இருக்க எனக்கு ஒரு காரணமும் அவர் மிச்சம் வைக்கவில்லை. என் பதிவேட்டிலேயே ஒழுங்கான நோயாளி அவர்தான். நம்முடைய ஃபாரத்தில் ‘தனியாக வசிக்கிறாரா’ என்று ஒரு கட்டம் இருக்கிறது அல்லவா, அதில் ஒவ்வொரு முறையும் டிக் அடித்தேன். டிக் அடித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஃபாரத்தில் இடம் இல்லை. இப்படியே மூன்று வருஷம் ஓடியது.

பிறகு எனக்கு ஓய்வு வந்தது. சால்வை போர்த்தினார்கள். என் வீட்டுக்காரர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் கோயம்புத்தூரில். ராமநாதபுரத்தில் ஒரு வாடகை வீட்டில் நானும் தொலைக்காட்சியும். முதல் வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குத் தலைவாரிப் புடவை மாற்றிக்கொண்டு, பூட்டைக் கையில் எடுத்த பிறகுதான் எங்கே போகிறோம் என்று யோசித்தேன். பூட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இருட்டிய பிறகும் விளக்குப் போடவில்லை. என்னை யாரும் ஒன்றும் செய்துவிடவில்லை, ஆனாலும் அழுதேன்.

ஆறேழு வாரம் அப்படிப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை தாங்க முடியாமல் ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். மிக்கேல் அய்யா வாசலில் நின்றிருந்தார். பழக்கத்தில் சட்டைக் கையைச் சுருட்ட ஆரம்பித்தவர், என் கையைப் பார்த்து நிறுத்தினார்.

“மிசினக் காணோம்?”

“குடுத்துட்டேங்கய்யா. ரிட்டயர்டு ஆயிட்டேன்.”

“அப்ப மாத்திர?”

“புதுசா ஒரு பொண்ணு கொண்டு வரும்.”

“அப்ப நீங்க எதுக்கு இம்புட்டுத் தூரம்?”

கோவிலுக்கு வந்தேன் என்று சொல்லியிருக்கலாம், ராமேஸ்வரத்துக்கு வந்தவளை யார் சந்தேகப்படப் போகிறார்கள். ஆனால் அவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“வீட்ல ஒத்தையில இருக்க முடியலங்கய்யா,” என்றேன்.

சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டார். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டு வந்து, துண்டால் துடைத்துப் போட்டார். அவர் படியில் உட்கார்ந்துகொண்டார். வள்ளத்துக்குப் பெயின்ட் அடிப்பதிலிருந்து மகன் போனில் என்ன சொன்னான் என்பதுவரை பேசினார். வாராவாரம் கொட்டகையில் இருந்தபோது அவர் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, எழுந்தேன்.

“இனி எப்ப வருவீக?” என்று கேட்டார்.

எத்தனையோ பேருக்கு நான் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் திருப்பிக் கேட்டேன்.

“எப்ப வரட்டும்னு நீங்க சொல்லுங்கய்யா.”

“ஞாயித்துக்கெழம வாங்க,” என்றார். “மத்த நாள்ல கரையில ஆள் நடமாட்டம் இருக்கும், சும்மா பாத்துக்கிட்டே இருந்துரலாம். ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் ஊரே அவுகவுக வீட்டுல பிள்ளகுட்டியோட சாப்புட உக்காந்துரும். அன்னைக்கித்தான் பொழுது போகவே மாட்டேங்குது நர்சம்மா.”

இத்தனை வருஷத்தில் எந்த ஊரிலும் நான் ஞாயிற்றுக்கிழமை குழுவைக் கூட்டியதில்லை. அன்றைக்கு எங்களுக்கு விடுமுறை.